சீகையை (வாட்டில் மரத்தை) ஒரே டெண்டரில் வெட்டுவதா, பல வருடம் பார்த்து எடுப்பதா? மலை மர அனுமதி யாருக்குத் தடை?

மன்னவனூர்_புல்வெளி

வேறொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வெளியிலிருந்து வந்தவைதானே, அரசு மொத்தமாக வெட்டிவிட வேண்டியதுதானே, எதற்கு இத்தனை அனுமதியும் குழுவும்?" அங்கே எழுதினால் நீளும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

என் கட்சி: வெட்டத்தான் வேண்டும், அதுவும் சீக்கிரம். பழனி மலையின் மேல்தளத்தில் 1973-க்கும் 2014-க்கும் நடுவில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. புல் இருந்த இடத்தில் இப்போது சீகை, கற்பூரம், பைன், கொஞ்சம் விவசாயம். தோல் பதனிடும் பட்டைக்கும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கூழுக்கும் என்று நட்டவை. ஆலை மூடிப் பல வருடமாகிவிட்டது, மரம் மட்டும் விதை போட்டுக்கொண்டே இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. ஊட்டி மண்வள ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. கற்பூரம் நட்டதில் ஓடைக்கு வந்த நீர், நட்டதிலிருந்து முதல் வெட்டு வரையிலான முதல் சுற்றில் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம்.

அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் மஞ்சள் கொன்றை வெட்டப்பட்டு டிஎன்பிஎல் ஆலைக்குக் காகிதக் கூழாகப் போகிறது. சீகைக்கு மட்டும் ஏன் இந்த இழுபறி?

வன_ஓய்வு

வணக்கம். இழுபறிக்குக் காரணம், நிலம் மூன்று வகை, சட்டமும் மூன்று வகை. அதைப் பிரிக்காமல் பேசினால் ஒன்றும் விளங்காது.

காப்புக்காடு என்றால், கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 12.12.1996 அன்று போட்ட உத்தரவு. நம் கூடலூர்ப் பக்கத்து மரவெட்டிலிருந்து கிளம்பிய வழக்குதான் அது. மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த செயல்திட்டத்தில் இல்லாத எந்த மரத்தையும் மாநிலம் வெட்ட முடியாது. சீகையானாலும் அப்படித்தான்.

சரணாலயம் என்றால் இன்னொரு பூட்டு. கொடைக்கானல் வனவுயிரின சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது, 608.95 சதுர கிலோமீட்டர். வனவுயிரினச் சட்டத்தின் 29-வது பிரிவுப்படி சரணாலயத்திலிருந்து எடுக்கும் வனப்பொருளை அக்கம்பக்கத்து மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம், வணிகத்துக்கு விற்கக் கூடாது. டெண்டர் என்றாலே விற்பனை. அதனால்தான் இந்த விஷயம் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்குப் போகிறது.

பட்டா நிலத்துக்கு 1955-ம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம். ஆட்சியர் தலைமையிலான குழு அனுமதி தர வேண்டும். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் 1949-ம் வருடச் சட்டமும் சேரும்.

மூன்று பூட்டும் நியாயமானவை என்பது என் கருத்து. இருக்கும் பூட்டுக்குள்ளேயே வேலை நடக்க வழியும் இருக்கிறது.

சோலைக்கன்று

மன்னவனூர் நண்பருக்கு. சீகை கூடாது என்பதில் நமக்குள் சண்டை இல்லை. மொட்டையடிப்பதில்தான் சண்டை.

மொத்தமாக வெட்டிய இடத்தை அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். கறுப்பு வாட்டில் கன்று பாய் விரித்தது போல் முளைத்திருக்கும். அதன் விதையின் ஓடு கெட்டி, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். நிழல் விலகி மண் சூடேறினாலோ, வெட்டிய கழிவைக் குவித்துத் தீ வைத்தாலோ ஓடு வெடித்து எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். வெள்ளி வாட்டிலும் மெலனாக்சிலான் என்ற இன்னொரு வாட்டிலும் வேறு மாதிரி: அடியை வெட்டினால் பக்க வேரெல்லாம் துளிர் விடும். கற்பூரம் கட்டையிலேயே துளிர்க்கும். பைன் மட்டும்தான் வெட்டினால் அதோடு சரி, அதுவும் சுற்றிக் கிடக்கும் விதையைப் பார்த்துக்கொண்டால். இவை எல்லாவற்றையும் "அந்நிய மரம்" என்று ஒரே வரியில் ஒப்பந்தம் எழுதினால் பைனைத் தவிர மற்றதெல்லாம் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது, சீகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொடைக்கானலில் வட்டக்கானல், பாம்பார் சோலைப் பக்கம் வயதான சீகைத் தோப்புக்குள் நுழைந்தால் சோலை (மலை மடிப்புகளில் வளரும் இயற்கைக் காடு) மரக் கன்றுகள் தானாகவே வளர்ந்து நிற்கும். பறவை கொண்டுவந்து போட்ட விதை. நீலகிரியின் அவலாஞ்சி, மேல்பவானி மாதிரி இடத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். திறந்த வெளியில் சோலைக் கன்று கருகிவிடும், சீகை நிழலில் பிழைக்கும். மேல் மரத்தை ஒரே நாளில் சாய்த்தால் விழுகிற மரமே பாதிக் கன்றை நசுக்கும். மீதியைப் பனியும் வெயிலும் முடித்துவிடும்.

இங்கே செய்ய வேண்டியது பட்டை உரிப்பு. முழங்கால் உயரத்தில் மரத்தைச் சுற்றி வெட்டி, அங்கிருந்து தரை வரைக்கும் பட்டையை முழுசாக உரிக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் வழுவழுவென்று ஈரமாக ஒரு படலம் இருக்கும், அரிவாளின் முதுகால் அதையும் சுரண்ட வேண்டும். விரல் அகலத்துக்கு ஒரு கீற்றுப் பட்டை மிஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும், பெரும்பாலும் தோற்றுப்போவது இதனால்தான். மழைக்காலத்தில் பட்டை சுலபமாகக் கழலும், கோடையில் கட்டையோடு ஒட்டிக்கொண்டு வராது. முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு மரத்தை மட்டும் உரியுங்கள். நிழல் படிப்படியாகக் குறைந்தால் கீழே சோலை தானே மேலேறும்.

மன்னவனூர்_புல்வெளி

நல்ல விளக்கம். பாம்பார் மாதிரி மடிப்புகளுக்கு அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேல்தளம் முழுவதும் மடிப்பா? ஓடையோரமும் பள்ளமும் சோலை, சரிவும் முகடும் புல். சரிவில் நிற்கும் சீகைக்கு "செவிலித் தாய்" பட்டம் கொடுத்து விட்டுவைத்தால், புல் இருக்க வேண்டிய இடத்தில் காடு வரும். வரையாடு எங்கே மேயும்? தோடர் எருமை எங்கே போகும்?

சரிவில் பட்டை உரித்துவிட்டால் காய்ந்த மரம் இரண்டு மூன்று வருடம் நின்றபடியே இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அது தீக்குத் தீனி. கீழே வேலை செய்பவர் தலையில் கிளை முறிந்து விழும் ஆபத்து வேறு.

புல்வெளிக்கான முறை இது. காய் முற்றுவதற்கு முன் தரையோடு வெட்டுங்கள். கிளை கழிவை எரிக்காமல் சரிவுக்குக் குறுக்கே வரிவரியாகப் போடுங்கள், மண் ஓடாது. ஜேசிபி உள்ளே வரவே கூடாது. தடியைச் சரிவில் நேராக இழுத்த தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும். முதல் மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போதே, கன்று ஓரடி உயரத்தைத் தாண்டும் முன் வேரோடு கையால் பிடுங்க வேண்டும். தாண்டிவிட்டால் வேர் இறங்கிவிடும், கை பயன்படாது. பக்கத்துப் புல்வெளியில் அங்கொரு தூர் இங்கொரு தூர் என்று எடுத்து, மூன்று நான்கு முளை இருக்கும்படி பிரித்து, ஓரடி இடைவெளியில் நட வேண்டும். புல் மூடிவிட்டால் சீகை விதைக்கு வெளிச்சம் கிடைக்காது. வருடத்துக்கு இரண்டு முறை பிடுங்கல், குறைந்தது ஐந்து வருடம்.

சோலைக்கன்று

நீங்களே ஐந்து வருடம் என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஐந்து வருடத்துக்குக் கூலி யார் கொடுப்பது? ஒப்பந்தக்காரருக்கு வேண்டியது தடி. லாரி ஏறியதும் அவர் வேலை முடிந்தது. கூலிக்கு வழி செய்யாத டெண்டர், சீகைக்கு மறுநடவு செய்து கொடுப்பதற்குச் சமம்.

பண்ணைக்காடு_பட்டாதாரர்

காப்புக்காட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் காப்பித் தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக்கை என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள் ஐயா. மிளகுக் கொடி ஏற்ற நட்டது. நிழல் அதிகமாகி காப்பிக்கு நோய் வருகிறது, சில மரத்தை எடுக்க வேண்டும்.

சட்டத்தில் வழி இருக்கிறது, தெரியும். மாவட்ட வன அலுவலருக்கு மனு, கூடவே பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்எம்பி (நில அளவை) வரைபடம், மரங்களின் வரிசை எண், இனம், மார்பு உயரத்தில் அளந்த சுற்றளவு. வனச்சரக ஆட்கள் வந்து எண்ணிக் குறியிட வேண்டும், குழு கூட வேண்டும், பிறகு வெட்டு, பிறகு லாரிக்கு பாஸ். நடப்பது என்ன? பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும், கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு ஆகியிருக்காது, மனு அந்த இடத்திலேயே நின்றுவிடும். காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் எல்லைக்கல் தேட சர்வேயர் வர வேண்டும். மனுவில் எழுதிய எண்ணிக்கைக்கும் குறியிட்ட எண்ணிக்கைக்கும் நாலு மரம் வித்தியாசம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பம். எல்லாம் முடிந்து உத்தரவு கைக்கு வரும்போது வடகிழக்கு மழை. ஈர மண்ணில் மரம் சாய்த்தால் காப்பிச் செடிதான் நொறுங்கும், காத்திருந்தால் அனுமதிக் காலம் முடியும்.

இன்னொரு பக்கம் பசுமைப் போர்வை இயக்கம் என்று கன்று இலவசமாகத் தருகிறார்கள். முழு வயலுக்கு ஏக்கருக்கு 160, வரப்புக்கு 50. இரண்டாம் வருடத்திலிருந்து உயிரோடிருக்கும் மரத்துக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. நல்ல திட்டம். ஆனால் கன்று கொடுப்பது ஒரு துறை, வெட்ட அனுமதிப்பது இன்னொரு துறை. வெட்ட முடியுமா என்று தெரியாதவன் மலையில் மரம் நட மாட்டான், பீன்ஸ் போடுவான். மேல்மலைச் சரிவு காய்கறியாக மாறியதற்கு இந்த பயமும் ஒரு காரணம். 1955-ம் வருடச் சட்டத்திலிருந்து நட்ட மரத்துக்கு முழு விலக்கு கொடுங்கள்.

வன_ஓய்வு

பட்டாதாரர் ஐயா, நீங்கள் சொன்ன தடங்கல் எல்லாம் உண்மை. மருந்துதான் தவறு.

முழு விலக்கு என்றால் என்ன நடக்கும்? "எல்லாம் நான் நட்டதுதான்" என்று எழுதிக் கொடுத்து, தானாக முளைத்த பலாவும் சந்தன வேம்பும் சேர்ந்து போகும். அதற்காகத்தான் 1996 உத்தரவே தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களில் நிழல் மரம் வெட்டுவதை நட்ட மரத்துக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது, தானே வளர்ந்ததைத் தொடக் கூடாது என்றது. அதுவும் மாநிலக் குழுவின் மேற்பார்வையில். விறகுக்கு வைத்த கற்பூரத்தையும் வாட்டிலையும் கூட சொந்த உபயோகத்துக்குக் குழு அனுமதித்த அளவே வெட்டலாம் என்றது.

சரிவையும் நினைத்துப் பாருங்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தார்கள். மரத்தை வெட்டினால் வேர் உடனே விட்டுவிடாது, இரண்டு மூன்று வருடத்தில் மக்கும்போதுதான் சரிவு பிடிமானம் இழக்கும். வெட்டியவர் அதற்குள் மறந்திருப்பார், கீழ்வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார். சரிவைப் பார்த்து முடிவெடுக்க ஒரு குழு கட்டாயம் வேண்டும்.

செய்யக் கூடியது இது: ஊக்கத்தொகைக்காகக் கன்றை எண்ணும் நாளிலேயே இனம், எண்ணிக்கை, சர்வே எண் மூன்றையும் அடங்கலில் ஏற்றிவிட வேண்டும். நட்ட மரம் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு வெட்டும்போது வனச்சரகர் பார்க்க வேண்டியது சரிவை மட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, வேளாண் துறையும் வனத்துறையும் ஒரே பதிவேட்டைப் பார்த்தால் போதும்.

பண்ணைக்காடு_பட்டாதாரர்

அடங்கல் யோசனை சரி. ஆனால் ஏற்கெனவே நிற்கும் முப்பது வருட சில்வர் ஓக்குக்கு அது உதவாது. ஒரு தடவை முகாம் போட்டு, வரிசையில் ஒரே சுற்றளவில் நிற்கும் மரத்தை நட்டதென்று பதியச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு முழு விலக்குக் கோரிக்கையை நான் விட்டுவிடுகிறேன்.

தாண்டிக்குடி_பாதை

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. மேல்மலை ஊர்களில் அடுப்பெரிவது சீகையால்தான். மொத்தமாக எடுத்துவிட்டால் விறகுக்கு ஆள் சோலைக்குள் போவார்கள். ஊருக்குப் பக்கத்தில் ஒரு பங்கை விறகுக்கென்று விட வேண்டும், பூக்கும் முன் வெட்டும் சுற்றில்.

கூலி யார் கொடுப்பது என்று சோலைக்கன்று கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் 3(1)(i) பிரிவு, சமூகக் காட்டை மீட்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. பளியர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்து, பிடுங்கல் வேலையையும் விறகையும் அவர்களிடமே விடலாம். சொந்தத் தேவைக்கு என்பதால் 29-வது பிரிவும் குறுக்கே வராது.

மன்னவனூர்_புல்வெளி

விறகுக்குப் போகும் அளவு சிறியது. ஆயிரக்கணக்கான ஏக்கர் சரிவு அடுப்பில் தீராது. விற்றுத்தான் ஆக வேண்டும், அதற்கு நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். சோலைக்கன்று சொன்ன குறைக்கு ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை போடலாம்: தடி விற்ற பணத்தைப் பொதுக் கணக்கில் சேர்க்காமல், அந்தச் சரிவுக்கென்றே தனிக் கணக்கில் ஐந்து வருடப் பிடுங்கல் கூலியாக வைக்க வேண்டும். முந்தைய துண்டில் இரண்டாம் வருடக் கன்றைப் பிடுங்கி முடித்த பிறகே அடுத்த துண்டுக்குக் கோடாலி.

சோலைக்கன்று

அந்த நிபந்தனை எழுத்தில் வரட்டும், சரிவில் வெட்ட நானும் சம்மதிக்கிறேன். அதற்கு முன் ஒவ்வொரு தோப்பிலும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம் போட்டு, கீழே நிற்கும் சோலைக் கன்றை எண்ண வேண்டும். எண்ணாத தோப்பில் மரம் சாய்க்கக் கூடாது. அதில் நான் இறங்கி வர மாட்டேன்.