டேவிஸா, சாண்டா குரூஸா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகள் கூப்பர்டினோவில் உள்ள டி அன்சா என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் அல்லது சாண்டா குரூஸ் வளாகத்துக்கு மாற வேண்டும். இடத்துக்கு உறுதி தரும் 'டேக்' திட்டத்தில் ஆறு வளாகங்கள்தான் (பெர்க்லி கிடையாது, என் கணவருக்கு அதில் வருத்தம்). அந்த ஆறிலும் ஒன்றுக்கே விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் 30 கடைசி நாள். ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டிய தாளில் 'டேவிஸ்' இரண்டு முறை அடிக்கப்பட்டு, மூன்றாம் முறை எழுதப்பட்டிருக்கிறது!

இரண்டு வளாகங்களுமே டி அன்சாவைப் போலக் காலாண்டு முறைதான். படிப்பின் வேகம் அவளுக்குப் பழக்கம். வாடகையும் தனிமையும்தான் என் கவலை. இப்படி மாறிப்போன பிள்ளைகள் முதல் காலாண்டில் நண்பர்களை எப்படிப் பிடித்தார்கள்? அறை எப்போது தேடத் தொடங்கினீர்கள்? மாலை ஏழுக்குமேல் தொலைபேசியிலும் பேசலாம்.