உள்ளங்கை வியர்வை: அலுமினியம் குளோரைடு போட்டும் எரிச்சல்தான், வியர்வை நிற்கவில்லை

அரியலூரான்:
எங்கள் வீட்டுப் பையன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டும் ஏ.சி. அறையிலும் சொட்டுகின்றன, பரீட்சைத் தாள் நனைந்து மை பரவுகிறது. தூங்கும்போது மட்டும் வியர்ப்பதில்லை. மருத்துவர் தந்த 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலைப் பத்து நாளாகக் காலையில் குளித்துத் துவட்டியதும் பூசுகிறான். எரிகிறது, பலனில்லை. அளவைக் கூட்டலாமா? இல்லை, அயன்டோபோரெசிஸ் கருவி (தண்ணீர் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தி வியர்வையைக் குறைப்பது) வாங்கலாமா?

தோல்நலம்:
அளவைக் கூட்டாதீர்கள். பூசும் நேரம்தான் தவறு. அலுமினியம் குளோரைடு ஈரத்தைத் தொட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும், எரிச்சல் அதனால்தான். மேலும் பகலில் சுரப்பி வேலை செய்துகொண்டே இருக்கும், மருந்து வியர்வைத் துளைக்குள் அடைப்பை உருவாக்குமுன் வியர்வை அதை வெளியே தள்ளிவிடும்.

மூன்று நாள் நிறுத்துங்கள். சிவந்திருந்தால் மருத்துவரைக் கேட்டு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் தடவலாம். பிறகு படுக்கப்போகும்போது மட்டும் பூச வேண்டும். கை கழுவிய கையோடு பூசாமல் அரை மணி நேரம் விட்டு, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவைத்து, மெல்லிய ஒரு பூச்சு. 6 முதல் 8 மணி நேரம் கழித்துக் காலையில் கழுவிவிடலாம். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் பழகியதும் தினமும். வியர்வை அடங்கியதும் வாரம் ஒன்றிரண்டு முறை போதும். வெடிப்பு, கீறல் உள்ள இடத்தில் படக்கூடாது. கையில் பூசுவதால் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அக்குளில் நன்றாகக் கேட்கும் மருந்து உள்ளங்கையில் பாதிதான் கேட்கும், அங்கே தோல் தடிமன். நாலு வாரம் சரியாகப் பூசியும் போதவில்லை என்றால் கருவியை யோசிக்கலாம்.

மின்நீர்:
கருவி பற்றி. இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், உள்ளங்கை மூழ்கும் அளவு மட்டும். மோதிரம், வளையல், கடிகாரம் கழற்ற வேண்டும். நீர்மட்டம் தொடும் கோட்டிலும் சிறு காயங்களிலும் வாசலின் தடவினால் சுருக்கென்று குத்தாது. மின்னோட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி 15 முதல் 20 மில்லிஆம்பியர், தாங்கும் அளவில், மொத்தம் 20 முதல் 30 நிமிடம். பாதி நேரத்தில் பூஜ்யத்துக்கு இறக்கி, பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றி, மீண்டும் ஏற்றுங்கள். ஓடும்போது கையை வெடுக்கென்று எடுத்தால் ஷாக் அடிக்கும். வாரம் 3 முறை. 6 முதல் 10 முறைக்குப் பிறகே வித்தியாசம் தெரியும். நாலு முறையில் பலனில்லை என்று பலர் மூலையில் போட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். பலன் கிடைத்தபின் வாரம் ஒரு முறை தொடர வேண்டும், விட்டால் திரும்ப வரும்.

பேஸ்மேக்கர், உடலில் உலோகம், கர்ப்பம், வலிப்பு இருந்தால் கூடாது. சார்ஜர் அடாப்டரை வெட்டி வீட்டிலேயே செய்வது உயிருக்கு ஆபத்து.

செங்காந்தள்:
எங்கள் கருவி 5 மில்லிஆம்பியருக்கு மேல் ஏறவில்லையே?

மின்நீர்:
ஆர்.ஓ. தண்ணீராக இருக்கும். அதில் உப்புகள் போய்விடுவதால் மின்சாரம் கடத்தாது. குழாய் நீருக்கு மாறுங்கள், அல்லது தட்டுக்கு ஒரு சிட்டிகை ஆப்பசோடா கலந்து பாருங்கள். கலக்குமுன் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். மறுபடி பூஜ்யத்திலிருந்தே ஏற்றுங்கள்.

தோல்நலம்:
அடுத்த படி வியர்வையைக் குறைக்கும் கிளைக்கோபிரோலேட் மாத்திரை, மருத்துவர் சீட்டோடு மட்டும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும். உடம்பு முழுக்க வியர்வை குறைவதால் கத்திரி வெயிலில் மைதானத்தில் ஓடினால் உடல் சூடேறி மயக்கம் வரலாம், அந்த நாட்களில் மிகக் கவனம். நரம்பை வெட்டும் அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள்: கை காய்ந்துவிடும், ஆனால் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வியர்வை கொட்ட ஆரம்பிக்கலாம். அதைத் திருப்ப வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் வியர்ப்பதில்லை என்பது நல்ல அடையாளம். இரவில் படுக்கை நனைந்தால், எடை குறைந்தால், உடம்பு முழுக்க திடீரென வியர்க்க ஆரம்பித்தால் தைராய்டு, சர்க்கரை, காசநோய் பார்க்க வேண்டும். காலுக்குப் பருத்தி சாக்ஸ் போட்டு மதியம் ஒரு முறை மாற்றட்டும். இரண்டு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் காய ஒரு நாள் கிடைக்கும். உள்ளங்காலில் சிறு குழிகளும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியா தொற்று, அதற்குத் தனி மருந்து உண்டு.