பட்டிமன்றத்துக்குப் பாயிண்ட் வேண்டும்

நான்: வெள்ளிக்கிழமை கல்லூரியில் பட்டிமன்றம். ‘புதிய மையக் கட்சி தமிழ்நாட்டில் தாக்குப்பிடிக்குமா?’ நான் ‘பிடிக்காது’ அணி. கமலின் மக்கள் நீதி மய்யத்தை வைத்துப் பேசப் போகிறேன். பாயிண்ட் கொடுங்கள்.

சித்தப்பா: 🌹 இனிய இரவு வணக்கம் 🌹

பெரியப்பா: பாப்பா, 2018 பிப்ரவரி 21, ஒத்தக்கடை மைதானத்தில் நானும் நின்றேன். காலையில் ராமேஸ்வரத்தில் கலாம் வீடு, சாயங்காலம் மதுரையில் கொடியேற்றம். கெஜ்ரிவால்கூட வந்திருந்தார். கோர்த்த ஆறு கை, நடுவில் நட்சத்திரம். ஆறு கையும் ஆறு தென் மாநிலங்கள், நட்சத்திரம் மக்கள் என்றார் கமல்.

அண்ணன் (சென்னை): அப்பா கட்சி பார்க்கப் போகவில்லை, நடிகரைப் பார்க்கப் போனார்.

பெரியப்பா: இருந்தால் என்னடா? பேச்சையும் கேட்டேன். இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம், ஊழலை ஒழிப்போம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

நான்: அதுதான் பெரியப்பா என் முதல் பாயிண்ட். எல்லாருக்கும் பிடிக்கிற கொள்கைக்காக யார் வெயிலில் நின்று ஓட்டுப் போடுவார்கள்?

சித்தி (கோவை): அப்படி ஒரேயடியாகச் சொல்லாதே கண்ணு. இல்லத்தரசிக்கு மாதச் சம்பளம் என்று 2020 டிசம்பரிலேயே சொன்னது அவர்கள்தான். அப்புறம் 2021 தேர்தலில் திமுக 1000 என்றது, அதிமுக 1500 என்றது. இன்று உரிமைத்தொகை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு மய்யத்தின் டார்ச் லைட் சின்னம் ஞாபகம் இருக்கும்?

அண்ணன் (சென்னை): சித்தி எதிரணிக்குப் பாயிண்ட் கொடுக்கிறார் 😂

நான்: இல்லை, இது எனக்குத்தான். நல்ல யோசனையைப் பெரிய கட்சி எடுத்துக்கொண்டால் சின்னக் கட்சிக்கு மிச்சம் என்ன?

பெரியம்மா: கிராம சபையை விட்டுவிட்டீர்களே. அது எப்போதும் சட்டத்தில் இருந்ததுதான், ஆனால் போய் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள் என்று இவர்கள் ஊர் ஊராகச் சொன்ன பிறகுதான் எங்கள் ஊரில் பேச்சே வந்தது. அது எனக்குப் பிடித்தது.

அண்ணன் (சென்னை): எண்ணைப் பாருங்கள். 2019 மக்களவையில் சுமார் 3.7 சதவீதம். தென்சென்னை, கோவையில் லட்சத்துக்கு மேல் ஓட்டு. கிராமத்துப் பக்கம் போனால் பல இடத்தில் பூத் ஏஜெண்டுக்கே ஆள் இல்லை. 2021-ல் 2.6-க்கு இறங்கிவிட்டது.

சித்தி (கோவை): எங்கள் தெற்குத் தொகுதியில் 1,728 ஓட்டில்தான் கமல் தோற்றார். பல சுற்றில் அவர்தான் முன்னிலை. அன்று நானும் உன் சித்தப்பாவும் டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சித்தப்பா: ஆமாம். சோறு கூட ஆகவில்லை.

நான்: அந்த 1,728 மட்டும் கிடைத்திருந்தால் சட்டசபையில் ஒரு குரல். அதன் பிறகு கட்சி வேறு மாதிரி போயிருக்குமோ?

பெரியப்பா: ஒரு ஆளை வைத்து எவ்வளவு தூரம்? விஜயகாந்தும் 2006-ல் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி, ஒரே ஆளாக உள்ளே போனார். 2011-ல் அதிமுகவோடு சேர்ந்து 29 இடம். அப்புறம் என்ன ஆயிற்று?

அண்ணன் (சென்னை): எதிரணி இதைக் கேட்கும், தயாராக இரு. 2019-ல் நாம் தமிழர் வாங்கியது 3.9. மய்யத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அவர்கள் தனியாகவே நின்று 2024-ல் 8 சதவீதத்தைத் தாண்டி, ஒரு எம்பி இல்லாமலே மாநிலக் கட்சி அங்கீகாரம் வாங்கிவிட்டார்கள். மய்யம் அதே தேர்தலில் போட்டியே போடாமல் திமுக கூட்டணிக்குப் பிரச்சாரம் செய்தது. 2025-ல் கமலுக்கு மாநிலங்களவை இடம்.

நான்: அதற்குப் பதில் இருக்கிறது அண்ணா. நாம் தமிழர் நடுவில் நிற்கவில்லை. பிடித்தவனுக்கு ரொம்பப் பிடிக்கும், பிடிக்காதவனுக்கு அறவே பிடிக்காது. அந்த ஓட்டு கூட்டணி இல்லாமலும் நிற்கும். நடுவில் இருப்பவனுடைய ஓட்டு, ‘ஜெயிக்கிற ஆளுக்குப் போடலாம்’ என்று கடைசி வாரத்தில் நகர்ந்துவிடும்.

பெரியம்மா: கூட்டணியில் சேர்ந்தது தப்பு என்கிறாயா?

நான்: தப்பு என்று சொல்லவில்லை பெரியம்மா. ஒரு பக்கம் சேர்ந்த பிறகு மையம் என்று எப்படிச் சொல்வது, அவ்வளவுதான்.

பெரியப்பா: பாஜகவை எதிர்க்க என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

சித்தி (கோவை): மாமா, 2021-ல் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அண்ணன் (சென்னை): நான் படித்துவிட்டேன் 😂😂