அப்பாவின் செந்தோசா பொருள்கள்: எப்படிப் பாதுகாத்துக் காட்சிக்கு வைப்பது?

தெலுக்பிளாங்கா மகள்:
அப்பா சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் ஓடிய மோனோரயிலில் வேலை பார்த்தவர். 1982ல் ஓடத் தொடங்கிய ரயில், 2005ல் நின்றுவிட்டது. அவர் போன பிறகு மைலோ டின்னில் டிக்கெட்டுகளும் சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையும் கிடைத்தன. இசை நீரூற்று முன்னால் நண்பர்களோடு நிற்கும் படங்கள் பசைத்தாள் ஆல்பத்தில் இருக்கின்றன. கீழ்வீட்டு மலாய்ப் பாட்டி, தீவுக்கு பிளாக்காங் மாத்தி என்று பெயர் இருந்த காலத்தில் அங்கே பிறந்தவர். தன் கம்போங் (மலாய்க் கிராமம்) வீட்டுப் படத்தை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்.

சமூக மன்றத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு கண்ணாடி அலமாரி தருகிறார்கள். ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை உரித்தேன், அப்பாவின் தோள் தாளோடு போய்விட்டது. அன்றிலிருந்து தொடவே கை நடுங்குகிறது. லேமினேட் செய்துவிடலாமா?

பழைய தாள்:
லேமினேட் வேண்டவே வேண்டாம்மா. சூட்டில் ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது. முதலில் ஆல்பத்தைப் பக்கம் பக்கமாக 600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்புறம் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும், மெழுகு பூசாத நூலை ஒரு மூலையில் நுழைத்து, படத்துக்கு அடியில் ரம்பம் போல மெதுவாக இழுங்கள். படத்தை வளைக்காதீர்கள். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். கழன்றதைப் பாலிப்ரோப்பிலீன் உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் வாடை வீசும் பிவிசி உறை ஆகாது.

ஜூரோங் அண்ணன்:
ஜன்னல் ஓரம் என்றால் எனக்குச் சரிப்படவில்லை. வெயிலில் வண்ணப்படம் வெளுத்துவிடும். உள்சுவர்ப் பக்கம் இடம் கேளுங்கள். அங்கேயும் நகலைத்தான் வைக்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அதனால் அசலைக் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி), ஐம்பது விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். டின்னுக்குள் துரு இருக்கிறதா பாருங்கள். பெயர்ப்பட்டை மட்டும் அசலாகவே இருக்கட்டும், பார்க்கிறவர்களுக்கு அதுதான் உயிர்.

கம்போங் பேத்தி:
பாட்டியிடம் படத்தைக் காட்டிப் பேசவிட்டு, குரலைப் பதிவு செய்யுங்கள். வீடு எந்தப் பக்கம், கிணறு எங்கே, அங்கிருந்து எங்கே குடிபோனார்கள் என்று கேளுங்கள். காட்சிக்கு வைக்க அவருடைய சம்மதமும் வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தெலுக்பிளாங்கா மகள்:
நேற்று ஆறு படங்கள் சேதமில்லாமல் கழன்றன! ஒன்றின் பின்னால் அப்பா கையெழுத்தில் பென்சிலில், "மழை. ஆளே இல்லை. எல்லாரும் டீ குடித்தோம்." அந்தப் பக்கத்தையும் நகலெடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். பாட்டி சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.