ஐப்பசி மழையில் ஆற்றங்கரைச் சைக்கிள்: தண்ணீர் புகாத ஷார்ட்ஸ் எதைப் பார்த்து வாங்குவது?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் புதாற்றுக் கரை, வெண்ணாற்றுக் கரை மண்பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்ட ஒரு ஷார்ட்ஸ் வேண்டும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 25, 30 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நிறுத்துவதாக இல்லை. மார்கழிக் கடைசியில் கொல்லிமலை ஏறி இறங்கவும் அதே ஷார்ட்ஸ் பயன்பட வேண்டும்.

10,000 மி.மீ., 20,000 மி.மீ., இரண்டரை அடுக்கு, மூன்று அடுக்கு என்று ஆளுக்கொன்று போட்டிருக்கிறார்கள். எந்த எண் நமக்கு முக்கியம்? நம் ஊர்ப் புழுக்கத்தில் இதைப் போட்டால் உள்ளே வெந்துவிடாதா? மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் ரெயின்கோட் பேண்ட்டை முழங்காலோடு வெட்டிக்கொண்டால் போதாதா?

கொள்ளிடத்து மணல்:

தம்பி, முதலில் அந்த மி.மீ. கணக்கு. துணியின் மேல் எத்தனை மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒழுகத் தொடங்கும் என்பதுதான் அது. 10,000 என்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ. மேலிருந்து விழும் மழைக்கு இவ்வளவு தேவையே இல்லை. சீட்டுக்குத்தான் தேவை.

70 கிலோ ஆள் உட்கார்ந்து மிதித்தால் சீட்டில் இறங்குவது சுமார் 40 கிலோ. சீட்டைத் தொடும் பரப்பு 150 சதுர செ.மீ. என்று வைத்தால் சராசரி அழுத்தமே 2,700 மி.மீ. ஆகிறது. எடை ஒரே சீராக இறங்காது. சீட்டில் ஊன்றும் இரண்டு எலும்பு முனைகளுக்கு அடியில் அது மூன்று மடங்கு தாண்டும். டிராக்டர் தடத்துப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் குலுக்கலில் இன்னும் கூடும். அதனால் உட்காரும் பகுதிக்கு 10,000 என்பது குறைந்தபட்சம். 15,000 முதல் 20,000 வரை இருந்தால் நல்லது, ஏனென்றால் லேபிளில் இருப்பது புதுத் துணியின் எண். சீட்டில் தேயத் தேய அது இறங்கும். தொடை முன்பக்கத்துக்கு 5,000 இருந்தாலே தாராளம்.

இனி புழுக்கம். வியர்வை ஆவியை வெளியே தள்ளுவது உள்ளே இருக்கும் ஆவியழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். 34 டிகிரித் தோலில் வியர்வை நிறைந்திருந்தால் ஆவியழுத்தம் ஏறக்குறைய 53 மில்லிபார். குளிர்நாட்டில் 5 டிகிரி மழையில் வெளியே 9 தான், ஆக வித்தியாசம் 44. இங்கே ஐப்பசியில் 26 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் வெளியே 32. மிஞ்சுவது 21. அதே ஷார்ட்ஸ் இங்கே பாதிதான் மூச்சு விடும். துணியைக் குறை சொல்லிப் பயனில்லை, காற்று அப்படி.

அதனால் டெல்டாவுக்கு முழுதும் சவ்வு (தண்ணீரை நிறுத்தி ஆவியை மட்டும் விடும் மெல்லிய படலம்) வைத்த ஷார்ட்ஸ் வேண்டாம் என்பேன். உட்காரும் பகுதியும் தொடையின் பின்பக்கமும் மட்டும் மூன்று அடுக்கு (மேல்துணி, சவ்வு, உள்துணி), தையலில் ஊசித் துளைகளை மூடும் டேப் ஒட்டியது. முன்பக்கமும் பக்கவாட்டும் சீக்கிரம் காயும் மெல்லிய பாலியஸ்டர் அல்லது நைலான். இப்படி இரண்டு துணி சேர்த்த மாதிரிகள் வருகின்றன, அதைத் தேடுங்கள். நம் மழை வெதுவெதுப்பானது, தொடை நனைவதால் கெடுதி இல்லை. கெடுதி செய்வது சீட்டில் ஊறும் சேற்றுத் தண்ணீரும் அதிலுள்ள மணலும்தான்.

பழைய மட்கார்டு:

ஷார்ட்ஸுக்குச் செலவழிப்பதற்கு முன் மட்கார்டு போட்டாயிற்றா? பின்புறம் நனைவதில் பெரும்பங்கு மழையால் இல்லை, பின்சக்கரம் வாரி இறைப்பதால்.

ஆனால் டயரை ஒட்டி வளைந்து போகும் முழு மட்கார்டு கரைப் பாதைக்கு ஆகாது. நம் களிமண் டயரில் அப்பி, மட்கார்டுக்கு உள்ளே இறுகி, அரை கிலோமீட்டரில் சக்கரமே சுற்றாது. சீட் போஸ்ட்டில் மாட்டும் உயரமான பிளாஸ்டிக் மட்கார்டு வாங்குங்கள். டயருக்கும் அதற்கும் நடுவில் நான்கு விரல் நுழைய வேண்டும், பின்முனை டயரின் பின் விளிம்பையும் தாண்டி நீண்டிருக்க வேண்டும். முன்சக்கரத்துத் தண்ணீர் தொடையிடுக்குக்கு நேராக வரும். பிரேமின் கீழ்க்குழாயில் அகலத் தகடு ஒன்று கட்டினால் அது நிற்கும்.

அரசலாற்றங்கரை:

தம்பி, எண்களைப் பார்த்துவிட்டு வெட்டைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். நான் சொல்வது கடையிலேயே செய்ய வேண்டியவை.

ஷார்ட்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். உட்காரும் இடத்தில் நான்கு தையல் ஒரே புள்ளியில் கூடுகிறதா? அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். சீட் மூக்கு உரசுவதும், டேப் முதலில் பிரிவதும் அந்தப் புள்ளிதான். நல்ல வெட்டில் தொடையிடுக்கில் வைரக்கல் வடிவத்தில் ஒட்டுத்துண்டு இருக்கும், தையல்கள் சீட்டின் ஓரங்களுக்குத் தள்ளிப் போயிருக்கும். டேப்பின் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்புங்கள். புதிதிலேயே எழும்பினால் இரண்டு மாதம் தாங்காது. 'எல்லாத் தையலிலும் டேப்' என்பதும் 'முக்கியத் தையல்களில் டேப்' என்பதும் வேறு வேறு. இரண்டாவதாக இருந்தால் நடுத்தையலில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸும் முழங்கால் காப்பும் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல் வையுங்கள், பெடல் மேலே வரும் நிலைக்கு அது சமம். ஓரம் முழங்கால் சில்லுக்கு மேலே ஏறக் கூடாது. அப்படியே முன்னால் குனியுங்கள். இடுப்புப் பட்டையின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட மூன்று நான்கு செ.மீ. உயரமாக வெட்டியிருந்தால்தான் முதுகடி மூடியிருக்கும். கீழ் ஓரத்தில் எலாஸ்டிக் வேண்டாம், சேறு அங்கே தேங்கும். பாக்கெட் ஜிப் தண்ணீரைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. போன் சட்டைப்பையிலோ ஷார்ட்ஸ் பாக்கெட்டிலோ வேண்டாம்.

பெண்களுக்கு: ஊன்றும் எலும்பு முனைகளுக்கு இடைவெளி பொதுவாக அதிகம். ஆண்கள் ஷார்ட்ஸில் தண்ணீர் புகாத துண்டு குறுகலாக இருந்தால் எலும்பு முனை சரியாகத் தையல் மேல் விழும். இடுப்பளவு பொருந்துகிறது என்று அதை எடுத்துவிட வேண்டாம்.

வாங்கியபின் வீட்டில் ஒரு சோதனை. பிளாஸ்டிக் ஸ்டூலில் நனைத்த துண்டை நான்காக மடித்துப் போடுங்கள். ஷார்ட்ஸின் உள்ளே, உட்காரும் இடத்தில், செய்தித்தாளை விரித்து வைத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள், இடையிடையே அசையுங்கள். தாளில் கோடு கோடாக ஈரம் வந்தால் தையல் ஒழுகுகிறது. வட்டமாக இரண்டு இடத்தில் வந்தால் துணியே எலும்பழுத்தம் தாங்கவில்லை. கையில் பில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

நன்றி அக்கா, நன்றி அண்ணே. மட்கார்டு இன்னும் போடவில்லை, முதலில் அதை வாங்குகிறேன். ரெயின்கோட் பேண்ட், கொல்லிமலை இரண்டுக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

கொள்ளிடத்து மணல்:

ரெயின்கோட் பேண்ட் பெரும்பாலும் பி.வி.சி. பூசியது, ஆவி துளியும் வெளியே போகாது. மோட்டார் சைக்கிளில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது சரி. மிதிப்பவருக்கு அரை மணி நேரத்தில் உள்ளே மழையைவிட அதிகம் நனைந்துவிடும். விறைப்பான துணி தொடையை அறுக்கும், சீட் மூக்கில் சிக்கி நடுத்தையல் பிளக்கும். மலிவானவற்றில் தையல்கள் டேப் இல்லாமலே வரும். வெட்டியே தீர வேண்டுமென்றால் ஓரத்தை மடித்துத் தைக்காதீர்கள், வெட்டிய ஓரம் நூல் பிரியாது. நடுத்தையலின் உள்பக்கம் பாலியூரிதேன் தையல் பசையை ஒரு செ.மீ. அகலத்துக்குத் தடவி ஓர் இரவு காயவிடுங்கள். சொட்டு விட்டதும் ஒட்டும் பசை வேண்டாம், கண்ணாடிபோல் இறுகி மடிப்பில் வெடிக்கும்.

கொல்லிமலை வேறு கணக்கு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எந்தச் சவ்வுத் துணியும் வியர்வைக்கு ஈடுகொடுக்காது. மேலே ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர்ந்திருப்பீர்கள், 6 டிகிரியாவது குறைந்திருக்கும், மார்கழி மூடுபனியில் துணியெல்லாம் ஈரம். அந்த ஈரத்தோடு இறங்கினால் காற்று தொடைத் தசையை இறுக்கிவிடும், முழங்கால் வலிக்கும். அங்கே காற்று புகாத துணிக்கு மதிப்பு உண்டு. ஏறும்போது பையில், இறங்கும்போது இடுப்பில். அதனால் சுருட்டினால் இரண்டு கைக்குள் அடங்கும் லேசானது ஒன்று தனியாக இருந்தால் நல்லது. உள்துணிக்குப் பதில் பூச்சு மட்டும் உள்ள இரண்டரை அடுக்கு அதற்குப் போதும். தினமும் கரையில் தேய்க்க மட்டும் இரண்டரை அடுக்கு வேண்டாம், உள்பூச்சு நேராகத் தோலிலும் பஞ்சு ஷார்ட்ஸிலும் உரசி உதிரும்.

நாகை உப்புக்காற்று:

வாங்குவதைவிடக் காப்பாற்றுவதில்தான் நம் ஊரில் எல்லோரும் தோற்கிறோம், அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மேல்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்படி ஒரு பூச்சு இருக்கும். அது போய்விட்டால் மேல்துணி தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடும். சவ்வு அப்போதும் ஒழுகவில்லை, ஆனால் அதன் வாயை ஈரம் அடைத்துவிடுவதால் உள்ளே வியர்வை தேங்கும். "ஒழுகுகிறது" என்று தூக்கிப் போடப்படும் ஷார்ட்ஸ்களில் பல இந்த வகைதான். இப்போது ஃபுளோரின் சேர்மம் இல்லாத பூச்சுகள்தான் பரவலாக வருகின்றன. அவை தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. செயின் எண்ணெயும் உடம்பு எண்ணெயும் படிந்தால் அந்த இடம் உடனே நனையத் தொடங்கும். ஆக, துவைக்காமல் வைத்திருப்பதுதான் அதிகக் கெடுதல்.

சேறோடு வந்தால் ஈரத்தில் தேய்க்காதீர்கள், மணல் துணிக்குள் இறங்கும். வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுங்கள், அல்லது காயவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். சைக்கிளோடு சேர்த்து வாட்டர் சர்வீஸ் பைப்பில் அடித்தால் டேப் எழும்பிவிடும். பிறகு குளிர்ந்த தண்ணீர், கொஞ்சமாகத் திரவ சோப்பு. துணி மிருதுவாக்கும் திரவம் கூடவே கூடாது, அது பூச்சின் மேல் படலமாகப் படிந்து தண்ணீரை இழுக்கும். துவைக்கும் கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது இரண்டும் வேண்டாம். சோப்பு மிச்சமில்லாமல் இரண்டு மூன்று அலசல். கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலாவது மழைத் தண்ணீரிலோ குடிதண்ணீரிலோ இருக்கட்டும்.

நிழலில் காய்ந்தபின், லேபிள் அனுமதித்தால், மேலே பருத்தித் துணி விரித்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். சாய்ந்து கிடக்கும் பூச்சு சூட்டில் மறுபடி நிமிரும். ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்: உருண்டால் சரி, பரவினால் பூச்சுத் திரவம் வாங்கிப் புதுப்பிக்கும் நேரம்.

இனி பெரிய எதிரி. பழைய ரெக்ஸின் பை பீரோவில் கிடந்து பிசுபிசுவென்று உரிவதைப் பார்த்திருப்பீர்கள். பாலியூரிதேன் பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தானாகவே சிதையும், உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் சிதையும். டேப்பின் பசையும் அப்படித்தான். மழைக்காலம் முடிந்ததும் பாலித்தீன் பையில் கட்டிப் பரணில் போடாதீர்கள். ஓடு, தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வெயில் அதை முடித்துவிடும். காற்றோட்டமான அறையில் கொடியிலோ ஆணியிலோ மடிக்காமல் தொங்கட்டும்.

அரசலாற்றங்கரை:

ஒன்று விட்டுப்போனது. உள்ளே பருத்தி ஜட்டி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துத் தொடையை அறுத்துவிடும். பஞ்சு ஷார்ட்ஸை நேராகத் தோலில் போட்டு, உரசும் இடத்தில் வாசலின் தடவுங்கள். வீடு வந்ததும் முதல் வேலை அதைக் கழற்றுவது, டீ எல்லாம் அப்புறம். ஈரத்தோடு உட்கார்ந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை பிடிக்கும். பிடித்தால் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு போடாதீர்கள். முதலில் அரிப்பு அடங்கும், பிறகு இன்னும் அகலமாகப் பரவும். தோல் டாக்டரிடம் போங்கள். தோல் உரிந்திருந்தால் வயல் தண்ணீர் நிற்கும் பாதையைக் கொஞ்ச நாள் தவிருங்கள், எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக ஏறும்.

வெண்ணாற்றங்கரை:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. பின்பக்கம் மட்டும் மூன்று அடுக்கு, 15,000க்கு மேல், நடுத்தையலில் டேப் என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: கரையோரம் சீமைக்கருவேல முள் கிழித்தால் தையல்காரரிடம் கொடுத்துத் தைக்கலாமா?

கொள்ளிடத்து மணல்:

தைத்தால் ஒவ்வொரு ஊசித் துளையும் ஒழுகும். ஒட்டுத்துண்டுதான் வழி. கிழிசலைச் சுற்றி ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. பெரிதான ஒட்டுத்துண்டை மூலைகளை வட்டமாக வெட்டி உள்பக்கம் ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் முதல் துவைப்பிலேயே அங்கிருந்து உரியும். கனமான புத்தகங்களை மேலே வைத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். முள்ளின் முனை துணிக்குள் முறிந்து நிற்கிறதா என்று ஒட்டுவதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் அடுத்த தடவை உட்காரும்போது ஒட்டுத்துண்டையும் குத்திவிடும். வாங்கும்போதே உட்காரும் பகுதி 70 டெனியருக்கு (நூலின் பருமன் அளவு) குறையாமல் பார்த்துக்கொண்டால் இந்த வேலை அடிக்கடி வராது.