மறு: ரேடியோ லேபிள் செய்த நானோ துகள் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.
மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு வருபவர்களுக்கான இரண்டு பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய ஆல்புமின் புரதத் துகள்களை மார்பில் ஊசியாகப் போடுவார்கள். நிணநீரோடு போய் அக்குளின் முதல் நெறிக்கட்டியில் தங்கும். கதிரைப் படம் பிடிக்கும் காமா கேமரா அதைக் காட்டிக்கொடுக்கும். “கதிரியக்க அடையாளமிடப்பட்ட மீநுண்துகள்” என்று எழுதினேன். படித்துப் பார்த்த ஒரு அம்மா, “அப்போ கரண்ட் வைப்பாங்களா?” என்றார். கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்கிறார்.

> மீநுண்துகள்

நானோ என்றால் கிரேக்கத்தில் குள்ளன். நம்மிடம் ‘குறள்’ இருக்கிறதே! சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கோப்பெருந்தேவியைச் சூழ்ந்து வருபவர்களில் கூனும் குறளும் உண்டு. குறள் + துகள் = குறட்டுகள்.

> குறட்டுகள்

ஐயா, அறுவை அரங்கில் குறடு ஏற்கெனவே இருக்கிறது. நோயாளி அதைத்தான் நினைப்பார்.

> அடையாளமிடப்பட்ட

இவ்வளவு நீளம் எதற்கு? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ என்று வரும். சரக்கில் முத்திரை குத்தி வெளியே அனுப்புவது. இங்கே நடப்பதும் அதுதான்: புலிக்குப் பதில் டெக்னீசியம். ‘கதிர்பொறித்த துகள்’ எனலாம். தீப்பொறியும் உள்ளே ஒளிந்திருக்கிறது.

> பொறித்த

எழுத்துப்பிழை ஒன்று விழுந்தால் ‘பொரித்த துகள்’. வேண்டாம் அம்மா.

இயற்பியல்காரன் குறுக்கிடுகிறேன். துகள் பெரிதானால் ஊசி போட்ட இடத்திலேயே கிடக்கும்; மிகச் சிறிதானால் முதல் கட்டியைத் தாண்டி ஓடிவிடும். பெரும்பாலானவை 80 நானோமீட்டருக்குள் இருப்பது அதற்காகத்தான். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி. மறுநாள் இதே நேரத்தில் 16-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த அம்மாவுக்கு வேண்டியது இந்த வரி. “இது கரண்ட் வைப்பது அல்ல” என்றும் சேருங்கள். சொல் எதுவானாலும் சரி.

> சொல் எதுவானாலும் சரி

இப்படிச் சொல்லித்தான் ஸ்கேனை உள்ளே விட்டோம்.

வியாழன் இரவு. ‘கதிர்க்குறி நானோ துகள்’ என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று பேர் சரி என்றீர்கள், ஒருவர் பதிலே போடவில்லை. கரண்ட் வரியைத் தடித்த எழுத்தில் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

> நானோ துகள்

பதில் போடாதவன் நான்தான். ‘குறி’ எனக்கு உடன்பாடில்லை, பொறிதான். அது போகட்டும், ‘நானோத்துகள்’ என்று வலி மிக வேண்டாமா?