பழைய புகைக்கூட்டுக்குள்ள இரும்படுப்புக் குழாய்: உச்சி வரைக்குமோ, ரெண்டடியோ?

வடலி: மூடின இரும்படுப்பு வாங்கிற ஆக்களுக்கு இஞ்சை ஒருத்தர் புத்தி சொல்லியிருக்கிறார்: "குழாயைப் பழைய புகைக்கூட்டுக்குள்ள ரெண்டடி ஏத்தி, அடியைச் சீமெந்தால அடைச்சால் காணும்." காணாது. 6 அங்குலக் குழாயின்ர பரப்பு 28 சதுர அங்குலம். புகைக்கூடு 12க்கு 12 எண்டாலே 144. அஞ்சு மடங்கு! அதுக்குள்ள போற புகை ஆறி, சோம்பி, சுவரில தார் மாதிரிக் கீலாப் படியும். கீல் பத்தினால் உள்ளுக்கை 1000 பாகை செல்சியஸ் வரைக்கும் ஏறும். குழாய் உச்சி வரைக்கும் போகோணும்.

கொக்கறை: அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லிக் கதைக்க நாக்கு வளையாதோ? எங்கட மேசன்மார் சுண்ணாம்புச் சாந்தில கட்டின புகைக்கூடு காலங்காலமாப் புகை இழுக்குது. ரெண்டடி காணும்.

வடலி: இழுத்தது திறந்த அடுப்புப் புகையை. அதோட குசினிக் காத்தும் அள்ளுப்பட்டுப் போகும், புகை ஐதாகும். மூடின அடுப்பில காத்து வழியைச் சாத்தினால் கொஞ்சப் புகைதான், அதுவும் தடிப்பா வரும். 120 பாகைக்குக் கீழ ஆறினால் படியும். அமெரிக்காவின்ர தீப்பாதுகாப்புச் சங்கம் போட்ட என்.எப்.பி.ஏ. 211 விதியில, புகைக்கூட்டுப் பரப்பு அடுப்பில குழாய் கொழுவிற வாயைவிட மூண்டு மடங்குக்கு மேல போகக்கூடாது. புகைக்கூடு வெளிச்சுவரோட நிண்டால் ரெண்டு மடங்குதான்.

பூவரசு: அமெரிக்காவோ! சுன்னாகத்தில எப்ப அண்ணை பனி கொட்டினது?

வடலி: வெக்கை ஊரெண்டால் இன்னும் கரைச்சல், தம்பி. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தான் புகையை மேல தூக்கிறது. வெளியில 32 பாகை எண்டால் இழுவை குறையும். அடுப்பு மூட்டேக்கை குசினி முழுக்கப் புகை.

கொக்கறை: ரெண்டடி. குழாய்க் கடை ஏதும் போட்டிருக்கிறீரோ?

ஊமல்: ஜீ.ஐ. பைப், அதுதான் நாகம் பூசின இரும்புக் குழாய், மலிவுதானே, உச்சி வரைக்கும் அதையே போடலாம்.

வடலி: போட்டுக் கெடாதையும். சூடேற நாகப் பூச்சு உரிஞ்சு நச்சுப் புகை வரும், பிறகு தகட்டைக் கீல் அரிக்கும். 304 ரக ஸ்ரெயின்லெஸ் குழாய் போடோணும், கடலோரமெண்டால் 316 ரகம். மேல் துண்டின்ர வாய் கீழ்த் துண்டுக்குள்ள இறங்கோணும். மாறிக் கொழுவினால் மூட்டால கீல் வெளியில வடியும். படுக்கைக் குழாய் அடிக்குக் கால் அங்குலம் ஏறோணும். குழாய்க்கும் சுவருக்கும் நடுவில இருக்கிற இடைவெளியை அடியிலயும் உச்சியிலயும் தகட்டால மூடோணும். உச்சி, கூரையை விட்டு மூண்டடி மேல நிக்கோணும். பத்தடிக்குள்ள முகடு இருந்தால் முகட்டைவிட ரெண்டடி உயரம்.

ஊமல்: ஈர விறகை வைச்சால் எந்தக் குழாயும் அடைக்கும். ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழ நிக்கோணும். மாரியில நனைஞ்ச தென்னமட்டையைத் திணிச்சுப்போட்டுக் குழாயில குறை பிடிக்கிறது.

பூவரசு: தென்னமட்டையை ஆர் இரும்படுப்பில வைக்கிறது? வேம்புதான் நிண்டெரியும்.

ஊமல்: பூவரசு எண்டு பேர் வைச்சுக்கொண்டு வேம்புக்கு வக்காலத்து.

கொக்கறை: விறகுக்கதையை விடுங்கோ. ரெண்டடி காணும் எண்டுதான் சொன்னனான். கிணத்து மோட்டர்க் கதையிலயும் வடலி இப்பிடித்தான் விதியை ஒப்புவிச்சவர்.

வடலி: அந்த மோட்டர் இன்னும் ஓடுதோ எண்டு முதல்ல கேட்டுச் சொல்லும். பிறகு இதுக்கு மறுமொழி: ரெண்டடிக் குழாய்க்கு மேல உதிர்ற கரியெல்லாம் உம்மட சீமெந்தடைப்பில குவியும். வாரி எடுக்க வாசல் எங்க வைச்சனீர்?

கொக்கறை: வைக்கத் தெரிஞ்சவன் வைப்பான். ரெண்டடி.